மருதினிங்கிற பேரு வந்த கதை

என்ன, எல்லாரும் காலை நீட்டி வசதியா உக்காந்தாச்சா? மாயாஜாலக் கதைன்னு சொன்னதுமே மூஞ்சியெல்லாம் எப்படி ஆயிருச்சு பாருங்க! முன்னாடி இருக்கிற அண்ணன், ஏழு கடல் தாண்டி ஒரு குகை, குகையில ஒரு கிளி, கிளிக்குள்ள மந்திரவாதி உயிருன்னு மனசுக்குள்ளயே பாதிக் கதையை முடிச்சுட்டாரு. அந்த அக்காவுக்கு ராஜகுமாரன் வரணும், அதுவும் வெள்ளைக் குதிரையில வரணும். பாப்பாவுக்குப் பூதம் வேணும். வேணும்ல? தலையை ஆட்டுறா பாருங்க.

கிளி கிடையாது. குதிரை கிடையாது. பூதத்துக்கு உடம்பு சரியில்ல, வரலைன்னு சொல்லிருச்சு.

இது ஒரு பேரோட கதை. மருதினிங்கிற பேரு.

எதிர்வீட்டுல பொறந்த குழந்தைக்கு அந்தப் பேரைத்தான் வச்சிருக்காங்க. என்ன அர்த்தம்னு போன்ல தேடிப் பாத்தாங்களாம். ஒரு எடத்துல 'மென்மையானவள்'னு போட்டிருந்துச்சாம். இன்னொரு எடத்துல 'தேவலோக மலர்'. மூணாவது எடத்துல அர்த்தமே இல்ல, 'அதிர்ஷ்டக் கல் நீலம், அதிர்ஷ்ட எண் ஆறு'ன்னு இருந்துச்சாம். அர்த்தத்தைக் கேட்டா கல்லைக் குடுக்குது!

நீங்களும் இப்போ பூவு, நிலா, தேனுன்னு ஏதாவது சொல்லுவேன்னுதான் பாக்குறீங்க. சொல்லமாட்டேனே. நடந்ததைச் சொல்றேன், கேளுங்க.

ரொம்ப ரொம்ப நாளைக்கு முன்னாடி, ஆத்துக்குக் குறுக்கே பாலம்னு ஒண்ணு கட்டலாம்னு மனுஷனுக்குக் கனவுகூட வராத காலத்துல, அக்கரைச்சோலைன்னு ஒரு ராஜ்ஜியம் இருந்துச்சு. அதுல ஒரு பெரிய ஆறு. ஆத்தைத் தாண்ட பரிசல்தான். மூங்கில்ல பின்னி, அடியில தோலைப் போர்த்தி, பெரிய கூடை மாதிரி இருக்கும். நேரா போறேன்னு சொல்லும், சுத்திச் சுத்திப் போகும்.

அந்த ஆத்துல பரிசல் போட்டவன் மருதன். நல்ல உயரம். நல்ல சிரிப்பு. அவன் பொண்டாட்டி மயிலாத்தா. கல்யாணமாகி ஒரு வருஷம். வயித்துல ஏழு மாசம்.

இப்போ ஒரு விஷயம் சொல்லணும். அந்த ஊருல பொண்டாட்டி புருஷன் பேரைச் சொல்லக்கூடாது. ஏன்னு கேட்டா, ஆயுசு குறைஞ்சிரும். அதுவும் சும்மா இல்ல, ஒரு தடவை சொன்னா பத்து வருஷம் போயிரும். அதனால அந்த ஊருப் பொம்பளைங்க எல்லாரும், 'ஏனுங்க', 'மாமா', 'இந்தாங்க', 'உங்களத்தானுங்க', இல்லாட்டி தொண்டையைக் கனைக்கிறது, இல்லாட்டி பாத்திரத்தை ணங்குன்னு வைக்கிறது. ஒவ்வொரு புருஷனுக்கும் அவனவன் பாத்திரச் சத்தம் தெரியும்.

மயிலாத்தா அவனை 'மாமா'ன்னு கூப்பிடுவா. அவன் கரைக்கு வர்ற நேரம் பாத்து, கம்மங்கூழைக் கரைச்சு எடுத்துக்கிட்டு ஆத்தோரமா நிப்பா. "மாமா, கூழு!"ம்பா. அவன் துடுப்பைத் தூக்கிக் காட்டுவான். அவ்வளவுதான் ரெண்டு பேருக்கும். ஆனா அந்த அவ்வளவுக்காகத்தான் ரெண்டு பேருக்கும் பொழுது விடியும்.

ஒரு நாள் சாயங்காலம், காய்ச்சல்ல கொதிக்கிற ஒரு குழந்தையையும் அதோட தாயையும் ஏத்திக்கிட்டு மருதன் கிளம்புறான். அக்கரையிலதான் வைத்தியர் இருக்காரு. பரிசல் நடு ஆத்துக்குப் போயிருச்சு. அப்பத்தான் கரையில வந்து நின்னான், கரிநாக்கன்.

கரிநாக்கன் யாரு? மந்திரவாதி. நாக்கு அடுப்புக்கரி மாதிரி கறுப்பு. அந்த நாக்கால என்ன சொன்னாலும் பலிக்கும். நல்லது சொன்னதில்ல. அதனால நல்லது பலிக்குமான்னு யாருக்கும் தெரியாது.

"ஏய் பரிசல்! திரும்பு! நான் ஏறணும்!"

மருதன் அங்கிருந்தே கத்துறான். "குழந்தைக்குக் காய்ச்சலுங்க! விட்டுட்டு உடனே வந்து உங்களை ஏத்திக்கிறேனுங்க!"

"நான் கூப்பிடுறேன்!"

"கேக்குதுங்க!"

"கேட்டும் திரும்பமாட்டியா?"

"காய்ச்சலுக்குக் காது கேக்காதுங்களே, பொறுத்துக்கோன்னு சொல்ல! நீங்க பெரியவரு, பொறுத்துக்குவீங்க!"

நியாயமான பேச்சு. ஆனா நியாயம் பேசுனா மந்திரவாதிக்கு ஆகாது. குழந்தையை எறக்கிவிட்டுட்டு மருதன் திரும்பி வர்ற வரைக்கும் கறுவிக்கிட்டே நின்னான். பரிசல் நடு ஆத்துக்கு வந்துச்சு. நாக்கை நீட்டினான்.

"கூப்பிட்டா திரும்பமாட்டியா? அப்போ திரும்பவே திரும்பாதே! பனியே, மூடு! பரிசலே, சுத்து! உன் காதுல இனிமே எந்தச் சத்தமும் விழாது. உன் பொண்டாட்டி, அவ வாயால, உன் பேரைச் சொல்லி மூணு தடவை கூப்பிட்டா கரை சேருவே. கூப்பிடுவாளா? கூப்பிடட்டும் பாப்போம்!"

சொல்லிட்டு அவன் சிரிச்ச சிரிப்பு இருக்கே! வேற மந்திரவாதியா இருந்தா பூட்டுப் போட்டிருப்பான், பாம்பைக் காவல் வச்சிருப்பான். இவன் ஊரு வழக்கத்தையே பூட்டாப் போட்டுட்டுப் போயிட்டான். சாவி மயிலாத்தா வாயில. வாயைத் திறக்க ஊரு விடாது.

நடு ஆத்துல வெள்ளையா ஒரு பனி மூட்டம் இறங்குச்சு. அதுக்குள்ள நிழலாட்டம் ஒரு ஆளு. துடுப்பு போடுறான். பரிசல் சுத்துது. சுத்துது. சுத்திக்கிட்டே இருக்குது.

அவன் போட்ட சத்தம் ஊரு வரைக்கும் கேட்டுச்சு. மயிலாத்தா கூழோட ஓடி வந்தா. ஊரே ஓடி வந்துச்சு.

முதல்ல மத்த பரிசல்காரங்க போய்ப் பாத்தாங்க. இந்தப் பக்கம் பனிக்குள்ள நுழைஞ்சவங்க, நேரா போனோம்னு சொல்லிக்கிட்டே அந்தப் பக்கம் வெளியே வந்தாங்க. நடுவுல எதுவுமே இல்லையாம்.

ரெண்டாவதா மணியக்காரரு வந்தாரு. ஊருக்குப் பெரிய மனுஷன், தொண்டையும் பெருசு. "ஏலே மருதாஆஆ! மணியக்காரன் கூப்பிடுறேன்டாஆஆ!" அக்கரையில மேஞ்ச மாடெல்லாம் திரும்பிப் பாத்துச்சு. மருதன் திரும்பலை.

மூணாவதா ராஜாவே வந்தாரு. பல்லக்குல இருந்து எறங்கி, கிரீடத்தைச் சரி பண்ணிக்கிட்டு, "மருதா, இது ராஜ உத்தரவு"ன்னாரு. அவரு பேசுறதே அவரு பக்கத்துல இருக்கிறவருக்குத்தான் கேக்கும், ஆத்துக்கு எங்க கேக்கப்போகுது? உத்தரவு தண்ணியில விழுந்துச்சு. ராஜா பல்லக்குல ஏறிட்டாரு.

பரிசல் சுத்துது. சுத்துது. சுத்திக்கிட்டே இருக்குது.

எல்லாரும் போனப்புறம் மயிலாத்தா ஆத்தைப் பாத்து, "மாமா!"ன்னு கூப்பிட்டா.

பின்னாடி நாப்பது வீட்டுல இருந்து நாப்பது ஆம்பளைங்க, "என்ன புள்ள?"ன்னாங்க.

சிரிக்காதீங்க. அவளும் சிரிச்சிருப்பா, வேற நாளா இருந்தா.

மருத மரத்துக் கிளை ஒண்ணை ஒடிச்சு ஆத்தைப் பாத்து ஆட்டிக் காட்டினா. புருஷன் பேரு கேக்குற அதிகாரிக்கு இப்படித்தானே ஜாடை காட்டுவாங்க. பனிக்குள்ள இருக்கிறவனுக்குக் கிளை எங்க தெரியுது?

"கூப்பிட்டுரட்டுமாக்கா?"ன்னு பக்கத்து வீட்டு ராக்காத்தாகிட்ட கேட்டா.

ராக்காத்தா ரெண்டு கையாலயும் அவ வாயைப் பொத்துனா. "பைத்தியமா அம்மிணி உனக்கு? உன் புருஷனுக்கு ஆயுசு அறுபதுன்னு ஜோசியர் சொன்னாரா இல்லியா? இப்போ வயசு முப்பது. ஒரு தடவைக்குப் பத்து. மூணு தடவைக்கு?"

மயிலாத்தா விரலை மடக்குனா. மூணாவது விரலை மடக்காம இன்னொரு கையால புடிச்சுக்கிட்டா.

"கரைக்கு வர்றது பரிசலா இருக்கும். ஆளு இருக்கமாட்டான். அந்தப் பாவிக்குத் தெரியாதா? அதனாலதான மூணுன்னு சொன்னான். இப்போ கண்ணுக்குத் தெரியுற தூரத்துலயாவது இருக்காரு. இருக்கட்டும் கண்ணு."

இருக்கட்டும்னு விட்டா. கண்ணுக்குத் தெரியுற தூரத்துல.

அது எவ்வளவு தூரம்னு உங்களுக்குத் தெரியுமா? செத்துப்போன ஆளுக்காக அழுது முடிச்சிரலாம். ஊருக்குப் போன ஆளுக்காகக் காத்திருக்கலாம். இது ரெண்டும் இல்ல. தினமும் சாயங்காலம் கூழைக் கரைச்சு எடுத்துக்கிட்டுப் போவா. கரையில வைப்பா. அன்னைக்கு நடந்ததையெல்லாம் அவன்கிட்டச் சொல்லுவா. "வெள்ளாடு ரெண்டு குட்டி போட்டிருக்குதுங்க. ஒண்ணுக்கு நெத்தியில பொட்டு. கூரையில ஒழுகுதுங்க, நீங்க படுக்குற எடத்துல மட்டும் ஒழுகலைங்க." அவனுக்குக் கேக்காதுன்னு தெரியும். சொல்லாம இருக்கத்தான் முடியல. கூழு ஆடை கட்டி, புளிச்சு, காக்கா குடிச்சுட்டுப் போகும்.

ரெண்டு மாசம் கழிச்சுப் பொம்பளப் புள்ளை பொறந்துச்சு.

பேரு வைக்கணும். தொட்டில் கட்டி, ஊருப் பொம்பளைங்க எல்லாம் கூடிட்டாங்க. ஒருத்தி, "நாச்சியாருன்னு வை"ங்கிறா. ஒருத்தி, "என் பேரை வை, நான் நல்லாத்தான இருக்கேன்"ங்கிறா. மயிலாத்தா குழந்தையைப் பாத்தா. மூக்கு அவன் மூக்கு. அவ வாயில இருந்து தானா வந்துச்சு.

"மருதினி."

தொட்டில் ஆட்டுற கை நின்னுபோச்சு.

"என்ன புள்ள சொன்ன?"

"மருதினி. புள்ளை பேரு."

"ஐயோ, அது... அவரு... அவரு பேருல்ல?"

"இல்லக்கா. அவரு பேரு வேற. இது பொம்பளப் பேரு. நானா வச்சது. இதுக்கு முன்னாடி யாருக்கும் இல்ல."

பஞ்சாயத்து மணியக்காரர்கிட்டப் போச்சு. அவரு வெத்தலையை மென்னுக்கிட்டே ரொம்ப நேரம் யோசிச்சாரு. ரெண்டு தடவை துப்பினாரு. "தலை ஒண்ணு, வாலு வேற. வாலு வேறன்னா மாடு வேற. கூப்பிட்டுக்கட்டும்"ன்னு தீர்ப்பு சொல்லிட்டாரு.

அன்னைக்குச் சாயங்காலம் குழந்தையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு மயிலாத்தா ஆத்தங்கரைக்குப் போனா. குழந்தையைக் கூப்பிடுற மாதிரி, ஆனா ஆத்தைப் பாத்து, தொண்டை கிழியக் கூப்பிட்டா.

"மருதினீஈஈஈ!"

சுத்திக்கிட்டு இருந்த பரிசல் நின்னுச்சு. ஒரு இமை கொட்டுற நேரம்தான். பனிக்குள்ள துடுப்பு மேல தூக்குனது தெரிஞ்சுச்சு. அப்புறம் மறுபடி எறங்கிருச்சு. பரிசல் மறுபடி சுத்துச்சு.

அந்த ஒரு இமை கொட்டுற நேரம் போதாதா ஒரு பொம்பளைக்கு? அன்னையில இருந்து தினமும் போனா. தினமும் கூப்பிட்டா. தினமும் துடுப்பு ஒரு தடவை தூக்கும். எறங்கும்.

அர்த்தம் கேட்டீங்கல்ல? இதான் அர்த்தம். பூவும் இல்ல, நிலாவும் இல்ல. ஒருத்தரைக் கூப்பிடணும்னு நெஞ்சு முட்டி, கூப்பிட முடியாம, வாயில மிச்சமா வந்தது எதுவோ அதான் மருதினி.

சரி. அம்மாவுக்கு அது போதும். புள்ளைக்கு?

மருதினி வளந்தா. சுட்டி. கரையில ஒரு பெரிய மருத மரம் ஆத்துப் பக்கமா சாஞ்சு நிக்கும். அணில் ஏறுறதுக்கு முன்னாடி இவ ஏறிருவா. அவளுக்குப் பன்னெண்டு வயசு ஆச்சு. ஒரு நாள் சாயங்காலம், வழக்கம்போல மயிலாத்தா கரையில நின்னு, "மருதினீஈஈஈ!"ங்கிறா.

புள்ளை பத்தடி தள்ளிப் பாறை மேலதான் உக்காந்திருக்கா. எந்திரிக்கலை. பதில் சொல்லலை.

மறுபடி கூப்பிட்டா. பதில் இல்ல. மூணாவது தடவைதான் மயிலாத்தா திரும்பிப் பாத்தா. "ஏண்டி கண்ணு, காது கேக்கலியா?"

"யாரைக் கூப்பிட்ட?"

"உன்னைத்தான்."

"என்னையா? பன்னெண்டு வருஷமா தினமும் என் பேரைக் கூப்பிடுற. ஒரு நாளாச்சும் என் மூஞ்சியைப் பாத்துக் கூப்பிட்டிருக்கியாம்மா?"

மயிலாத்தா கையில இருந்த கூழுச் சட்டியைக் கீழ வச்சா.

"கூப்பிடுவ. நான் ஓடி வருவேன். நீ ஆத்தைப் பாத்துக்கிட்டு நிப்ப. நான் முந்தானையைப் புடிச்சு இழுத்தா, 'அட, வந்துட்டியா'ம்ப. ஏதோ கூப்பிடாம வந்த மாதிரி. ஏம்மா, அந்தப் பேருல எனக்குன்னு இருக்கிறது வாலு மட்டுந்தானா?"

மயிலாத்தா பாறையில உக்காந்தா. மகளை இழுத்து மடியில போட்டுக்கிட்டா. பன்னெண்டு வயசுப் புள்ளை, காலு ரெண்டும் பாறைக்கு வெளியே தொங்குது. இருந்தாலும் போட்டுக்கிட்டா. அன்னைக்குத்தான் எல்லாத்தையும் சொன்னா. கரிநாக்கன், மூணு தடவை, முப்பது வருஷம், எல்லாம்.

மருதினி கேட்டுட்டு எந்திரிச்சா. விறுவிறுன்னு மருத மரத்துல ஏறுனா. நுனிக் கொம்பு வரைக்கும் போனா. அங்கிருந்து பாத்தா பனி மூட்டத்துக்கு மேல இருந்து உள்ளே தெரியும். ரொம்ப நேரம் பாத்தா. எறங்கும்போது முகம் வெளுத்துப் போச்சு.

"அம்மா, பரிசலுக்கு அடியில தோலு எத்தனை வருஷம் தாங்கும்?"

"நல்ல தோலா இருந்தா ரெண்டு வருஷம்."

"மந்திரத்துல பன்னெண்டு வருஷம் தாங்கிருச்சு. இப்போ கிழிஞ்சிருக்கு. தண்ணி அவரு முழங்காலுக்கு வந்துருச்சும்மா. போன வாரம் கணுக்கால்ல இருந்துச்சு. அவரு குனிஞ்சுகூடப் பாக்கலை. துடுப்பு போட்டுக்கிட்டே இருக்காரு."

மயிலாத்தா வாயில முந்தானையை அடைச்சுக்கிட்டா.

"நாளைக்குக் கூப்பிடு."

"கூப்பிட்டா செத்துருவாருடி!"

"கூப்பிடாட்டி?"

ஆத்துப் பக்கம் திரும்புன அம்மா முகத்தை மருதினி தன் பக்கம் திருப்பினா.

"கூப்பிடாம இருந்தா ஆத்துல போவாரு. கூப்பிட்டா உன் மடியில போவாரு. நீ அவரை ஒரு தடவை தொட்டுப் பாக்கலாம். நான் ஒரு தடவை முழுசா பாக்கலாம். ஏம்மா, மரத்துல இருந்து பாத்தா தலையும் முதுகுந்தான் தெரியுது, எனக்கு எங்கப்பா மூஞ்சி தெரியாதும்மா."

மறுநாள் காலையில ஊரே கரையில. எப்படித்தான் தெரியுமோ! மணியக்காரரு முன்னாடி. வைத்தியரு அக்கரையில இருந்து முதல் பரிசல்ல வந்துட்டாரு. ராக்காத்தா ஒப்பாரிக்குத் தொண்டையைத் தயார் பண்ணிக்கிட்டு நிக்கிறா. பறையடிக்கிறவங்ககூட, எந்தப் பாட்டை அடிக்கிறதுன்னு தெரியாம, தோலை மட்டும் காய்ச்சி வச்சுக்கிட்டு நிக்கிறாங்க.

அந்தக் கூட்டத்துல ஒரு வெளியூர் ஆளு. மலைக்கு அந்தப் பக்கம் இருந்து பாய் விக்க வந்தவரு. தலையில பாய்க்கட்டு. "என்னங்க கூட்டம்? தேரா? எருது கட்டா?"ன்னு ஒவ்வொருத்தரா கேட்டுக்கிட்டே வர்றாரு. "சும்மா இருங்கய்யா, ஒரு பொம்பளை புருஷன் பேரைச் சொல்லப்போறா"ன்னாங்க. "அதுக்கா இம்புட்டுக் கூட்டம்?"ன்னு அவரு பாய்க்கட்டை எறக்கி வச்சு, அது மேலயே உக்காந்துட்டாரு.

மயிலாத்தா தண்ணியில எறங்குனா. முழங்கால் ஆழம். அவனுக்கு எவ்வளவோ அவ்வளவு. மருதினி கையைப் புடிச்சுக்கிட்டா.

பொம்பளைங்க எல்லாரும் காதைப் பொத்திக்கிட்டாங்க. காதைப் பொத்திக்கிட்டு விரலுக்கு நடுவுல கேட்டாங்க.

"ம்..." வரலை. "ம்ம்ம..." பின்னாடி ஒரு வெள்ளாடு, "ம்மே"ன்னு பதில் சொல்லுச்சு. யாரும் சிரிக்கலை. கல்யாணமான நாள்ல இருந்து பதிமூணு வருஷமா நாக்குக்கு அடியில கிடந்த பேரு. அது நாக்கோட ஒட்டிப்போயிருந்துச்சு. பிச்சுத்தான் எடுக்கணும்.

பிச்சு எடுத்தா.

"மருதா!"

பரிசல் நின்னுச்சு. இமை கொட்டுற நேரம் இல்ல, நின்னே போச்சு.

கரையில ராக்காத்தா, "பத்து வருஷம்!"னு நெஞ்சுல அடிச்சுக்கிட்டா.

"மருதா!"

துடுப்பு மேல வந்துச்சு. நிழலு இந்தப் பக்கம் திரும்புச்சு.

"இருபது!"

மயிலாத்தா மகளைப் பாத்தா. மக தலையை ஆட்டுனா. கண்ணை மூடிக்கிட்டு, இத்தனை நாள் சொல்லாம விட்ட எல்லாத் தடவையும் சேத்து ஒரே தடவையா,

"மருதாஆஆஆ!"

பனி, பழைய வேட்டி கிழியுற மாதிரி சர்ருனு கிழிஞ்சுச்சு. வெயில் ஆத்துல விழுந்துச்சு. முக்கால்வாசி முழுகின பரிசல் ஒண்ணு, சுத்தாம, வாழ்க்கையில முதல் தடவையா நேரா, கரையைப் பாத்து வந்துச்சு. கரையைத் தொட்டதும் பொலபொலன்னு மூங்கில் மூங்கிலா உதிர்ந்துபோச்சு. அதுக்குள்ள இருந்து தாடியும் நரையுமா ஒரு ஆளு எறங்கினான்.

அதே நேரம், ஏழு காதத்துக்கு அப்பால, கரிநாக்கன் யாரையோ சபிக்க நாக்கை நீட்டினானாம். நாக்கு கன்னுக்குட்டி நாக்கு மாதிரி செவப்பா இருந்துச்சாம். "எரிஞ்சு போ"ன்னானாம். எதிர்ல இருந்த ஆளுக்கு ஒரு தும்மல் வந்துச்சாம். அவ்வளவுதான். அவன் மந்திரம் அன்னையோட சரி.

இங்க கரையில, எல்லாரும் மருதன் எப்போ விழுவான்னு பாக்குறாங்க. மயிலாத்தா ரெண்டு கையையும் விரிச்சு, விழுந்தா தாங்கிக்கிறதுக்குத் தயாரா நிக்கிறா. அழக்கூட இல்ல. அழுதா கண்ணு மறைக்கும்னு அழலை.

மருதன் நின்னான். சுத்திப் பாத்தான். "ஏனுங்க, எல்லாரும் ஏன் என்னை இப்படிப் பாக்குறீங்க?"



மயிலாத்தா பக்கத்துல நிக்கிற புள்ளையைப் பாத்தான். மூக்கைப் பாத்தான். தண்ணியிலயே மண்டி போட்டான்.

"நீதானா அது? சாயங்காலமானா ஒரு சத்தம் வரும் சாமி. எந்தச் சத்தமும் கேக்காத எடத்துல அது ஒண்ணுதான் கேக்கும். என் பேரோன்னு துடுப்பைத் தூக்குவேன். பாதிதான் இருக்கும். மீதி வேற யாரோடதோ. இந்த மீதி யாருன்னு நினைச்சு நினைச்சுத்தான் துடுப்பு போட்டேன். இல்லாட்டி என்னைக்கோ கையை விட்டிருப்பேன். உன் பேரு என்ன சாமி?"

"மருதினி."

"இன்னொரு தடவை சொல்லு."

"மருதினிங்கப்பா."

அவன் அவளைத் தூக்கிக்கிட்டான். பன்னெண்டு வயசுப் புள்ளையை. அப்பத்தான் அவன் கை மயிலாத்தா கையில பட்டுச்சு. அவ அப்படியே புடிச்சுக்கிட்டா. சூடா இருந்துச்சு.

"தள்ளு தள்ளு"ன்னு வைத்தியரு வந்தாரு. அவன் மணிக்கட்டைப் புடிச்சாரு. கண்ணை மூடுனாரு. எண்ணுறாரு. ஊரே அவரு வாயைப் பாக்குது. ராக்காத்தா ஒப்பாரியோட முதல் அடியை எடுத்து வாயில வச்சுக்கிட்டு நிக்கிறா.

வைத்தியரு கண்ணைத் திறந்தாரு. "நாடி குதிரை மாதிரி ஓடுது. பசி. அதைத் தவிர ஒரு சீக்கும் இல்ல."

"நல்லாப் பாருங்க. முப்பது வருஷம் போயிருக்கணுமே?"ன்னாரு மணியக்காரரு.

"போன மாதிரி தெரியலியே. இன்னும் நாப்பது வருஷம் கிடப்பான் போல இருக்கு."

மருதன் ஒரு தும்மல் போட்டான். எல்லாரும் ஐயோன்னு ஓடி வந்தாங்க. மூக்கைத் தொடைச்சுக்கிட்டு, "கூழு இருக்குதா புள்ள?"ன்னான்.

அவ்வளவுதான், பறை அதிருது! ஒப்பாரிக்குக் காய்ச்சின தோலுல கல்யாண அடி விழுது! புதுப் பரிசலு ராஜா செலவுன்னு மணியக்காரரு ராஜாவைக் கேக்காமலே சொல்லிட்டாரு. ராக்காத்தா ஒப்பாரியை முழுங்கிட்டுக் குலவை போட்டா. மயிலாத்தா மடியில அவன் தலை. மக அவன் தாடியைத் தொட்டுத் தொட்டுப் பாக்குறா. மயிலாத்தா சிரிக்கிறா. பன்னெண்டு வருஷத்துல முதல் தடவையா, பல்லு தெரிய.

அந்தச் சந்தோஷத்துக்கு நடுவுல, பாய்க்கட்டு மேல உக்காந்திருந்தாரே அந்த மலைக்கு அந்தப் பக்கத்து ஆளு, அவரு எந்திரிச்சாரு. தலையைச் சொறிஞ்சாரு. கெட்ட மனுஷன் இல்ல. மனசுல பட்டதை வாயில வச்சிருக்கத் தெரியாது, அவ்வளவுதான். பறைக்கு மேல கேக்கணுமேன்னு கொஞ்சம் சத்தமாவே கேட்டுட்டாரு.

"ஏம்மா, எங்க ஊருல எல்லாப் பொம்பளையும் பேரைச் சொல்லித்தாம்மா கூப்பிடுவாங்க, யாருக்கும் ஒண்ணும் ஆகுறதில்ல. அப்போ இவரை நீ முதல் நாளே கூப்பிட்டிருந்தா, முதல் நாளே வந்திருப்பாரே?"